ஞானவரதன் சார் வாசித்த கிட்டார்

கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டும் பிரிட்டோ, தன் கைக்குத் தோதான எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வருஷக்கணக்கில் தேடினான். கடைசியில் ஜப்பானில் ஒரு பழைய கிட்டார் கிடைத்தது. வந்து இறங்கியதும் சுங்க அதிகாரி ஞானவரதன் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

பிரிட்டோ ரசீதை நீட்டினான்.

“பீச்சாங்கையாலயா நீட்டுறது? வலது கையால குடுய்யா!”

கை மாற்றிக் கொடுத்தான். அந்த ஆபீசில் அவனுக்கு இந்த அர்ச்சனை பழகிவிட்டது.

“சொந்த உபயோகமாம்! நம்மூர்க் கடையில புதுசே தொங்குது. பழசை எவனாவது கடல் தாண்டி வரவழைப்பானா? நீ விக்கத்தான் கொண்டுவந்திருக்கே. திருப்பி அனுப்பப்போறேன்.”

“சார், அது வந்து...”

“எனக்கே சொல்றியா? காலேஜ்ல கிட்டார் வாசிச்சவன்யா நான்!”

“அப்ப நீங்களே வாசிச்சுப் பாத்துடுங்க சார்.”

ஆபீசே எழுந்து வந்து நின்றது. ஞானவரதன் கிட்டாரை மடியில் வைத்து மீட்டினார். தகர டப்பாவில் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். மறுபடி மீட்டினார். பூனை மறுபடி கத்தியது. பியூன் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்னய்யா இது? கம்பியெல்லாம் தலைகீழா கட்டியிருக்கான்! இதை எவன்யா வாங்குவான்?”

“யாருமே வாங்க மாட்டாங்களா சார்?”

“ஒருத்தனும் வாங்க மாட்டான்!”

“அப்ப நான் இதை யாருக்கு சார் விக்கிறது?”

பிரிட்டோ கிட்டாரை வாங்கித் திருப்பிப் பிடித்து, இடது கையால் மீட்டினான். மெலிதாக, சுத்தமாக ஒலித்தது.

ஞானவரதன் முத்திரையை ஓங்கிக் குத்திக் காகிதத்தை நீட்டினார். பிரிட்டோ அதைப் பீச்சாங்கையாலேயே வாங்கிக்கொண்டான்.