மரங்கொத்தி போட்ட உயரக் கோடு

ஓடைக்கரைக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்து வந்தது. அங்கே ஒரு தேக்கு மரத்தில் தச்சி என்ற மரங்கொத்தி குடியிருந்தது. எதையும் நன்றாகப் பார்த்து, எண்ணி, உறுதி செய்துகொண்ட பிறகுதான் அது வாயைத் திறக்கும்.

ஒருநாள் நரி ஒரு நீண்ட மரக்கட்டையைப் பாறையின் மேல் குறுக்கே வைத்தது. ஒரு முனையில் பெரிய கல்லை ஏற்றியது.

"மான்களே! மறுமுனையில் ஏறுங்கள். இந்தக் கல்லைவிடக் கனமாக இருந்தால் உடம்பில் கொழுப்பு! கனம் குறைந்தால் கவலையே இல்லை!"

நெடுமி என்ற உயரமான பெண்மான் ஏறியது. கட்டை சட்டென்று அதன் பக்கம் சாய்ந்தது.

"அடேயப்பா, எவ்வளவு கொழுப்பு! இனிமேல் புல்லைத் தொடாதே!" என்றது நரி.

அடுத்து ஏறிய சிமிழி குள்ளமான, உருண்டையான மான். பத்தடி ஓடினாலே அதற்கு மூச்சு வாங்கும். ஆனாலும் கல்தான் கீழே போனது.

"அருமையான உடம்பு! உட்கார்ந்தே சாப்பிடு!" என்றது நரி.

பத்து நாளில் நெடுமியின் விலா எலும்புகள் தெரிந்தன. சிமிழியோ இன்னும் பருத்தது. இனி இரண்டாலும் ஓட முடியாது! நரி சப்புக்கொட்டியதைத் தச்சி கிளையிலிருந்து பார்த்துவிட்டது. நரியின் சூழ்ச்சி அதற்குப் புரிந்தது. ஆனால், வெறுமனே சொன்னால் யார் நம்புவார்கள்?

தச்சி ஒவ்வொரு மானையும் தேக்கு மரத்தருகே நிற்க வைத்தது. தோள் உயரத்தில் மரத்தில் கோடு கொத்தியது. பிறகு, மானை அதே கட்டையில் ஏற்றி, காட்டுக் குரங்குகளைக் கொண்டு மறுமுனையில் ஒரே அளவுக் கற்களை அடுக்கி எடை பார்த்தது. இப்படி மூன்று நாள்! அலகு வலித்தது. அது விடவில்லை.

நான்காம் நாள் மான்களை அழைத்தது.

"நன்றாக ஓடும் மான்களைப் பாருங்கள். கோடு ஏற ஏற, கல்லும் ஏறுகிறது. நெடுமி, உன் உயரத்துக்கு நீ முன்பிருந்த எடைதான் சரி! இப்போது ஏழு கல் குறைவு. சிமிழி, உன் உயரத்துக்கு ஐந்து கல் அதிகம்!"

"அப்படியானால் நானும் அதிகமா, தச்சியக்கா?" என்று தடித்த கழுத்துடைய கலைமான் பயந்தது.

தச்சி அதை மேட்டில் ஓடச் சொன்னது. அது மூச்சிரைக்காமல் ஏறி இறங்கியது.

"உனக்கு அதிகமாக இருப்பது தசை! கோடும் கல்லும் துப்பு மட்டும்தான். ஓட்டத்தையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்."

மான்கள் மரத்திலிருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தன. இத்துணூண்டு பறவைக்கு எவ்வளவு பொறுமை!

நெடுமி மெல்ல மெல்ல மேயத் தொடங்கியது. சிமிழி அளவாகத் தின்று, தினமும் ஓடைவரை நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, நரி தன் கூட்டத்தோடு பாய்ந்தது. "அந்த இரண்டையும் பிடியுங்கள்!"

நெடுமி ஒரே தாவலில் ஓடையைத் தாண்டியது. பின்னாலேயே ஓடிவந்த சிமிழியும் தாண்டிவிட்டது! நரிகள் சேற்றில் விழுந்து புரண்டன.

"தச்சியக்கா, நான் தாண்டிவிட்டேன்!" என்று கத்தியது சிமிழி.

எடையை மட்டும் பார்த்து உடம்பை நல்லது கெட்டது என்று சொல்லக்கூடாது. உயரத்துக்கு ஏற்ற எடையா, ஓடும் வலு இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவு.