அங்காயி உருட்டின உலகம்

ஒரு ஊருல ஒரு பெரியவர் இருந்தாரு. ஊருன்னா ஒரு ஊரு இல்லை, மொத்த உலகமும் அப்ப அவரோடதுதான். அந்த உலகம் இப்ப மாதிரி சுத்தாது. கொல்லையில காய்ச்ச பூசணிக்காய் கணக்கா அசையாம கிடந்துச்சு. எதிர்த்தாப்புல சூரியன் நின்னுச்சு. அதனால இந்தப் பக்கம் எப்பவும் பகல், அந்தப் பக்கம் எப்பவும் ராத்திரி. ம் கொட்டுங்க, கொட்டலேன்னா இதோட நிறுத்திப்புடுவேன்.

பெரியவருக்கு ரெண்டு மகன். மூத்தவன் பொண்டாட்டி அங்காயி, இளையவன் பொண்டாட்டி பூவாயி. மகனுங்க ரெண்டு பேரும் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவானுங்க, அவனுங்களை விட்டுருவோம். அங்காயி நல்ல வேலைக்காரிதான். கை சுத்தம், வாய் சுத்தம். ஒரே ஒரு குறை. அடுத்தவ இலையில என்ன விழுதுன்னு பாத்துப் பாத்தே தன் இலையில சோத்தை ஆறப்போட்டுருவா.

பெரியவருக்கு வயசாயிருச்சு. "இருக்கிறதைப் பங்கு பிரிச்சுக்கங்கம்மா"ன்னாரு. பங்கு பிரிக்க ஒரு முறை இருக்கு, தெரியுமா? மூத்தவங்க பங்கு வைக்கணும், இளையவங்க முதல்ல எடுக்கணும். அப்பத்தான் வைக்கிற கை ஒழுங்கா வைக்கும்.

அங்காயிக்கு வெளிச்சப் பக்கம் மேல கண்ணு. அதனால என்ன பண்ணுனா, கறவை மாட்டையெல்லாம் கொண்டு போய் இருட்டுப் பக்கம் கட்டுனா. அப்புறம் வத்தாத கிணறையெல்லாம் இருட்டுப் பக்கம் வச்சா. அப்புறம் மல்லிகைத் தோட்டத்தையும் இருட்டுப் பக்கமே வச்சா. வெளிச்சப் பக்கம் வெறும் கட்டாந்தரை. இதைப் பாத்தா பூவாயி இருட்டைத்தான் எடுப்பா, வெளிச்சம் நமக்கு வந்துரும்னு அவளுக்கு நினைப்பு.

பூவாயி அப்ப மாசமா இருந்தா. மாட்டைப் பாத்தா, கிணத்தைப் பாத்தா, மல்லிகையைப் பாத்தா. "இதெல்லாம் வேணாங்க மாமா. புள்ள பொறந்தா அதும் முகத்தை நான் பாக்கணும். எனக்கு வெளிச்சம் போதும்"னுட்டா.

அங்காயிக்கு முகம் சுண்டிப் போச்சு. மாடும் கிணறும் மல்லிகையும் அவளுக்குத்தான் வந்துச்சு, ஆனா எதுலயும் மனசு ஒட்டலை. மாட்டைக் கறக்கும்போது "அவளுக்கு வெளிச்சம்." தண்ணி இறைக்கும்போது "அவளுக்கு வெளிச்சம்." பூவைத் தலையில வைக்கும்போது "அவளுக்கு வெளிச்சம்." புருஷன், "அதான் இவ்வளவு இருக்கே புள்ள"ன்னான். "நீங்க பேசாம இருங்க"ன்னா.

அந்தப் பக்கம் பூவாயிக்குப் புள்ள பொறந்துச்சு. நல்ல புள்ள. ஆனா தூங்கலை. எப்படித் தூங்கும்? கண்ணைத் தொறந்தா வெயிலு, மூடுனாலும் வெயிலு. தொட்டிலுக்கு மேல சேலையைப் போட்டா, சேலைக்குள்ளயும் வெயிலு. தூக்கமில்லாம புள்ளைக்குப் பால் குடிக்கிற தெம்பும் போச்சு. கத்திக் கத்திக் குரலும் கம்மிருச்சு. இப்படியே போனா புள்ள தங்காதுன்னு பூவாயிக்குத் தெரிஞ்சு போச்சு.

வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஒரு முறம் வடகத்தை எடுத்துக்கிட்டு, புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, ஓரகத்தி வீட்டு வாசலுக்குப் போனா.

"அக்கா, புள்ள தூங்க மாட்டேங்குது. ஒரு கை இருட்டு குடுங்கக்கா."

"ஒரு கை குடுத்தா எனக்குக் குறைஞ்சு போயிரும்டி."

"அப்ப ஒரு சொட்டுக் குடுங்கக்கா, கண்ணு மேல மட்டும் வைக்கிறேன்."

"சொட்டுச் சொட்டா வாங்கித்தான் ஊரையே வாங்குவே."

"இருட்டே வேணாங்கக்கா. உங்க வீட்டுல ஒரு பொழுது புள்ளையைப் படுக்கப் போட்டு எடுத்துட்டுப் போறேன்."

அங்காயி புள்ளையைப் பாத்தா. முகம் வாடிக் கிடந்துச்சு. மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் பாத்துச்சு. ஆனா இளக விடலை. "முறைப்படி நீதானே முதல்ல எடுத்தே. எடுத்ததை வச்சுக்கிட்டு இரு"ன்னு கதவைச் சாத்திட்டா. சொல்ல வெக்கமா இருக்கு, அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கலை. பூவாயி முறத்தை வாசல்லயே வச்சுட்டுப் போயிருந்தா. அங்காயி அதை எடுத்து எண்ணெயில போட்டா. போட்டதும் வடகம் பூவாப் பொரிஞ்சு மேல வந்துச்சு. வாயில வச்சா மொறுமொறுன்னு இருக்கு. இவ வீட்டு வடகம் எப்பவும் பூஞ்சை பிடிச்சு, ஈரத்துணி மாதிரி வளையும். ஒரு வடகம் தின்னா, வயிறு எரிஞ்சுச்சு. ரெண்டாவது தின்னா, இன்னும் எரிஞ்சுச்சு. மூணாவதைத் தின்னுட்டு எந்திரிச்சு, சேலையை இழுத்துச் செருகுனா.

"பாரு, அவ வெயிலையே புடுங்கிர்றேன். இருட்டுல கிடந்து அழட்டும்."

உலகத்துக்குத் தோளைக் குடுத்தா, அப்புறம் காலை ஊணுனா, அப்புறம் மூச்சைப் பிடிச்சு ஒரு தள்ளு. உலகத்து மேல நின்னுக்கிட்டு உலகத்தை எப்படித் தள்ளுவான்னா கேக்குறே? கதையில தள்ளலாம், குறுக்கே பேசாதே.

பூசணிக்காய் மெள்ளத் திரும்புச்சு. சூரியன் நின்ன இடத்துலயேதான் நின்னுச்சு, அசையவே இல்லை. அங்காயி பக்கம் சூரியனைப் பாக்க வந்துச்சு, பூவாயி பக்கம் இருட்டுக்குப் போச்சு. அங்காயி ஓடி ஓடி வடகத்தைக் காயப் போட்டுட்டு, பூவாயி அழுற சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னா. சத்தமே இல்லை. என்னடா இதுன்னு ஓரத்துல போய் எட்டிப் பாத்தா.

புள்ள தூங்குது. வாயைத் தொறந்துக்கிட்டு, கையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, பொறந்ததுலேர்ந்து தூங்காத தூக்கமெல்லாம் தூங்குது. பக்கத்துல பூவாயியும் தூங்குறா.

அங்காயிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "என் இருட்டுல இவ இப்படித் தூங்குறாளா?" ஒரே தள்ளு. இருட்டு இவ பக்கம் வந்துருச்சு. சரி, நாமளும் தூங்குவோம்னு படுத்தா, அந்தப் பக்கம் கெக்கெக்கேன்னு சிரிப்பு. புள்ள தூங்கி முழிச்சு, பால் குடிச்சு, வெயில்ல உக்காந்து விளையாடுது. "என் வெயில்ல என்ன சிரிப்பு அதுக்கு?" இன்னொரு தள்ளு. அங்கே எல்லாரும் நிம்மதியாப் படுத்துட்டாங்க. "அதெப்படிப் படுப்பாங்க?" இன்னொரு தள்ளு.

புருஷன் வந்து, "போதும் புள்ள, வந்து படு"ன்னான்.

"இந்த ஒரு தடவை மட்டும்"னா.

அவன் மாமனார்கிட்ட, இல்லை இல்லை, அவனுக்கு அப்பாவாச்சே, அவருகிட்ட ஓடுனான். "அப்பா, அவளை நிறுத்தச் சொல்லுங்க." பெரியவர் வெளியில வந்து பாத்தாரு. ரெண்டு பக்கமும் வெயில் வருது, ரெண்டு பக்கமும் இருட்டு வருது. ரெண்டு வீட்டுலயும் வடகம் காயுது, ரெண்டு வீட்டுலயும் ஆளுங்க தூங்குறாங்க.

"ஏம்பா நிறுத்தணும்? அவ மனசறிஞ்சு வச்ச பங்குதான் கோணலாப் போச்சு. இதுதான் சரியான பங்கு. அவளா நிறுத்துனா நிறுத்தட்டும்"னுட்டு உள்ள போயிட்டாரு.

அவ நிறுத்தலை. பூவாயி மகன் வளந்து, அவனுக்குப் புள்ளைங்க பொறந்து, அந்தப் புள்ளைங்களுக்குப் புள்ளைங்க பொறந்தாச்சு. உலகம் பூரா அவளால வடகம் காயுது, அவளுக்கு ஒண்ணு எடுத்து வாயில போட நேரமில்லை. உலகம் பூரா தூங்குது, அவளுக்குக் கண்ணை மூட நேரமில்லை. அந்தப் புள்ளைக்கு ஒரு பொழுது தூக்கம் குடுத்திருந்தா அவளும் தூங்கியிருப்பா.

இப்ப நம்ம பக்கம் இருட்டு. அந்தப் பக்கத்துப் புள்ளைங்க பல்லு விளக்கிக்கிட்டு இருக்கும். அங்காயி ஓரத்துல நின்னு நம்மளை எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கா. நீங்க முழிச்சுக்கிட்டே கிடந்தா அவளுக்குப் பொறாமைப்பட ஒண்ணும் இல்லை, தள்ள மாட்டா, விடியாது. நாளைக்கு விளையாடணுமா இல்லையா? அப்ப அவ வயிறு எரியுற மாதிரி நல்லாத் தூங்குங்க. கதையும் படுத்துக்கிச்சு, நானும் படுத்துக்கிறேன்.