கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த ஊர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? ராணி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அரண்மனையில் நானூறு பேர் இருந்தும் சாப்பிடும்போது அவருக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அது கொடுமை ஐயா.

அவர் சிரித்தது ஒரே ஓர் இடத்தில்தான். அரண்மனை விகடன் மாசிலான், மனைவி அஞ்சுகத்தையும் இன்னும் ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கூத்து நடத்தி வந்தான். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் உழக்கு அரிசி கொடுப்பார்கள். ஏழு பேர் சாப்பாடும், மேடை விளக்குக்கு எண்ணெயும் எல்லாம் அதில்தான்.

ஆஸ்தானக் கவிராயர் திருமேனிக்கு வயிற்றெரிச்சல். அவர் பாட ஆரம்பித்தால் சபையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒருநாள் ராஜாவிடம் போனார்.

"அரசே, தாங்கள் ரசிக்கும் கூத்தைக் கண்டவனும் ரசிப்பதா? இனி அதைத் தாங்கள் ஒருவரே காண வேண்டும்."

தனக்கென்று ஏதாவது ஒன்று மிஞ்சினால் போதும் என்றிருந்த ராஜா தலையாட்டிவிட்டார். அரசரைத் தவிர வேறு எவர் பார்த்தாலும் மேடை இடிக்கப்படும் என்று பறை அறைந்தார்கள். பார்ப்பவர் ஒருவர்தானே, அதனால் கூலி ஓர் உழக்கு என்று கவிராயரே வழக்கத்தையும் எடுத்துச் சொன்னார்.

அன்று மாலை தங்கக் கிண்ணத்தில் ஓர் உழக்கு அரிசி வந்தது. அரிசியைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள். இப்படியே பத்து நாள் ஓடியது.

"ஏழு வயிறு, ஒரு உழக்கு அரிசி," என்றாள் அஞ்சுகம். "மத்தளக்காரரு நாளைக்குக் கெளம்புறேங்கிறாரு. அவரு போனா நம்ம கூத்து அவ்வளவுதான்."

"நாளைக்கு ஒருநா இருக்கச் சொல்லு," என்றான் மாசிலான். "ஊர்க்காரங்களையும் கூப்பிடு. ஆளுக்கொரு துண்டு எடுத்துட்டு வரட்டும்."

மறுநாள் மாலை ராஜா வந்தபோது மேடைக்கு முன்னால் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அரசே, ஆணையை மீறிவிட்டான்," என்று குதித்தார் கவிராயர்.

மாசிலான் கைகட்டி நின்றான். "பிரபு, பார்க்கக் கூடாது என்பதுதானே ஆணை? இவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. காதைப் பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருப்பவர் கவிராயர் ஒருவர்தான்."

ராஜா கவிராயரைப் பார்த்தார். உடனே அவர் கண்ணையும் கட்டிவிட்டார்கள்.

கூத்து தொடங்கியது. வசனத்துக்கு ஊரே சிரித்தது, ராஜாவும் சிரித்தார். நடுவில் ஒரு கட்டத்தில் பேச்சே இல்லை. வேஷ ராஜாவின் கிரீடம் வழுக்கி மூக்குவரை இறங்கிவிட்டது. மாசிலான் அவர் மார்பில் காலை ஊன்றி இழுத்தான். கிரீடத்தோடு மீசையும் கழன்று வந்தது.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவர் குரல் மட்டும்தான் கேட்டது. முன்பெல்லாம் ராணி உட்காரும் இடப்பக்கம் சட்டென்று திரும்பினார். அங்கே ஒரு வெற்றிலைக்காரர் கண்கட்டோடு இருந்தார்.

"என்ன சாமி ஆச்சு?"

"கிரீடம் மாட்டிக்கொண்டது. இழுத்தான். மீசை வந்துவிட்டது."

"அப்படீங்களா," என்றார் வெற்றிலைக்காரர். சிரிக்கவில்லை. சொன்ன ராஜாவுக்கும் சிரிப்பு வரவில்லை. கண்கட்டிய முகங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசிலா, கொஞ்சம் நிறுத்து," என்று எழுந்து, வெற்றிலைக்காரரின் கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார். "எல்லாரும் அவிழ்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆணை இன்றோடு போயிற்று. இந்தக் கூத்துக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் அரண்மனை தரும். கவிராயரே, முதல் வண்டியோடு நீர் போய் இறக்கிவிட்டு வாரும்."

மத்தளக்காரர் அதற்குள் மத்தளத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டுவிட்டார்.

"இப்போது அந்த மீசையை மறுபடி பிடுங்கு," என்றார் ராஜா.

மாசிலான் பிடுங்கினான். கவிராயர்தான் முதலில் சிரித்தார், பாவம், அடக்க முடியவில்லை. ராஜா விழுந்து விழுந்து சிரித்து இடப்பக்கம் திரும்பினார். வெற்றிலைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ராஜா அவர் தோளில் சாய்ந்துகொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.