கடைசியாய் வருகிறவள்

குகதாசன் மடத்துக்கு வந்து மீனை விட்டார், வெற்றிலையை விட்டார், முன்கோபத்தையும் முக்கால்வாசி விட்டார். கைபேசியை மட்டும் விடவில்லை. சாமியாராகப் போகிற மனுசனுக்குக் கைபேசி எதற்கு என்று சமையற்கட்டில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நேரே கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

மடம் வடமராட்சிக் கடற்கரையில் இருந்தது. நடத்துகிறவர் யோகராணி அம்மா. குகதாசனைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் குகதாசன் வாயில் வருவது அம்மா என்றுதான். குருவுக்கு வயது பார்க்கிறவன் வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே!

பங்குனி உத்தரத்துக்குக் குகதாசனுக்குக் காவி கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. காவி உடுத்தால் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும். அது மடத்து முறை. உத்தரத்துக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது.

அன்று பின்னேரம் சாம்பாருக்குப் பூசணிக்காய் வெட்டுகிற முறை அவருடையது. அம்மா வந்து பார்த்தபோது பூசணிக்காய் பாதியில் கிடந்தது, கத்தி அதில் குத்தினபடி நின்றது. மனுசன் மாமரத்தின் கீழ் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தார்.

"என்ன பார்க்கிறீர்?"

குகதாசன் திடுக்கிட்டு எழும்பினார். ஒளிக்கவில்லை.

"பனிச்சறுக்கு ஓட்டம் அம்மா. உலகப் போட்டி. இப்ப நடக்குது."

"உமக்கு அதில என்ன?"

"என்ர மகள் ஓடுறாள். ஆரபி. இலங்கைக்காக ஓடுறாள்."

அம்மா பக்கத்தில் இருந்த பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அவரையும் இருக்கச் சொன்னார்.

படத்தில் எங்கும் வெள்ளை. காலில் நீளச் சறுக்குப் பலகை பூட்டி, இரண்டு கையிலும் தடி ஊன்றி, பெண்கள் காடும் மேடுமாய் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். வழி நெடுகச் சனம்.

"எங்க உம்மட மகள்?"

"காட்டமாட்டாங்கள் அம்மா. முன்னுக்கு ஓடுறவையைத்தான் காட்டுவாங்கள். இவள் கடைசி. எப்பவும் கடைசிதான்."

"பிறகு எதைப் பார்க்கிறீர்?"

"எப்பவாவது ஒருக்கால் ஓரத்தில தெரிவாள் அம்மா. அதுக்காகத்தான்."

 திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"எல்லாத்தையும் விட்டிட்டன் அம்மா. மனுசி செத்த பிறகு அந்தப் பனி நாட்டில இருந்த வீட்டை வித்தன், வேலையை விட்டன், ஊருக்கே திரும்பி வந்திட்டன். இந்த ஆசை மட்டும் போகுதில்லை. பனியைக் கண்டால் நெஞ்சு அடைக்குது. இதை எப்பிடி விடுறது?"

"முதல்ல ஓட்டம் முடியட்டும். பாப்பம்."

முன்னணியில் இருந்த பெண் இரண்டாம் வட்டத்தில் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் தடத்தை விட்டு விலகி, முழங்கால் அளவு பனிக்குள் ஒருத்தி நின்றாள். குனிந்து மூச்சு வாங்கினாள்.

"இஞ்ச! இஞ்ச! இவள்தான் அம்மா!"

"ஏன் நிக்கிறாள்? ஏலாமல் போச்சோ?"

"இல்லை இல்லை. பின்னால வேகமா வாறவைக்குத் தடம் விட வேணும். அது அங்கத்தை முறை. இவள் இன்னும் முதல் வட்டம்."

முன்னணிப் பெண் தாண்டிப் போனாள். படமும் அவளோடு போய்விட்டது. குகதாசன் திரையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார், அங்கே இப்போது வெறும் மரங்கள்தான் இருந்தன.

அம்மாவின் கண் வழியோரத்துச் சனத்தில் இருந்தது.

"ஆர் உவை? கத்துகினம், மணி அடிக்கினம். சொந்தக்காரரோ?"

"சும்மா சனம் அம்மா. ஆர் வந்தாலும் அங்கத்தைப் பாசையில 'ஹையா, ஹையா' எண்டு கத்துவினம். கடைசியா வாறவளுக்குத்தான் கூடக் கத்துவினம். அவள் வந்து முடியுமட்டும் சில பேர் குளிருக்குள்ள நிப்பினம்."

"நல்ல சனம். நீரும் கத்தியிருப்பீர்."

குகதாசன் வேட்டித் தலைப்பால் திரையைத் துடைத்தார்.

"கத்தேல்லையோ?"

"ஒருக்கால்தான் அம்மா. அவளுக்கு அப்ப ஒன்பது வயசு. முதல் ஓட்டம். 'என்ர பிள்ளையைப் பாருங்கோ, எப்பிடிப் பறக்கிறாள்' எண்டு ஊர் கேக்கக் கத்தினன். அடுத்த இறக்கத்திலயே விழுந்து கை முறிஞ்சுது. மனுசி ஆஸ்பத்திரியில வைச்சே சொன்னாள், உங்கட நாவூறுதான் எண்டு. எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது எண்டு சொல்லுவினமே!"

"பிறகு?"

"பிறகு எல்லா ஓட்டத்துக்கும் போனன். கையைக் கட்டிக்கொண்டு நிண்டன். மற்றத் தகப்பன்மார் தொண்டை கிழியக் கத்துவினம். இவள் என்னைத் தாண்டேக்க ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பாள். நான் மற்றப் பக்கம் பார்ப்பன். கண்ணூறு பட்டிடும் எண்டு பயம்."

"அவளுக்கு இது தெரியுமோ?"

"சொல்லேல்லை. வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டாள். 'நான் கடைசியா வாறது உங்களுக்கு வெக்கம் எண்டால் வராதேங்கோ அப்பா' எண்டாள். அதுக்கும் நான் வாய் திறக்கேல்லை. அதுக்குப் பிறகு போகவுமில்லை. தாயின்ர செத்த வீட்டில ஒரு சொல்லுக் கதைச்சிருப்பம், அவ்வளவுதான்."

படத்தில் முதலாவதாய் வந்தவள் கோட்டைத் தாண்டி விழுந்தாள். இரண்டாவது, மூன்றாவது. கட்டிப்பிடித்தார்கள், கொடி பிடித்தார்கள். பிறகு விளம்பரம் வந்தது. பிறகு திரை கறுத்துப் போனது.

"முடிஞ்சுது அம்மா," என்று குகதாசன் கைபேசியை மடியில் வைத்தார்.

"உம்மட பிள்ளை வந்திட்டாளோ?"

"இல்லை. அவளுக்கு இன்னும் ஒரு வட்டம் இருக்கும்."

"அப்ப என்ன முடிஞ்சுது? நீர் கத்தும்."

"அம்மா?"

"அந்தச் சனம் கத்தின மாதிரிக் கத்தும்."

குகதாசன் அக்கம்பக்கம் பார்த்தார். "ஹையா," என்றார் மெதுவாக.

"சத்தம் காணாது."

"ஹையா ஆரபி."

"பக்கத்தில இருக்கிற எனக்கே கேக்கேல்லை."

எங்கேயிருந்து வந்ததோ அந்தச் சத்தம்! ஐம்பத்தெட்டு வயது மனுசன் எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஹையா ஆரபி! என்ர பிள்ளை! விடாதை, ஏறு! ஹையா! ஹையா!" என்று கத்தினார். மாமரத்துக் காகமெல்லாம் கலைந்து பறந்தது. சமையற்கட்டில் இருந்த பெண்கள் அகப்பையோடு ஓடி வந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. தொண்டை கட்டுமட்டும் கத்தினார். கண்ணீர் தாடியில் வடிந்தது. பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அம்மா கையைக் காட்ட, பெண்கள் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

"அவளுக்குக் கேட்டிருக்குமோ?" என்றார் அம்மா.

குகதாசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். பகிடி பண்ணுகிறாரோ என்று கூட நினைத்தார்.

"எப்பிடி அம்மா கேக்கும்? அவள் எங்க, நான் எங்க!"

"பிறகேன் இன்னும் இஞ்ச நிக்கிறீர்?"