ஐம்பத்திரண்டு சீட் பஸ்ஸுக்கு ஒரு பிரைமர்

நண்டுவிளையில் பொம்மை வண்டி கட்டுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். பொம்மை என்று சொன்னால் மூன்று பேருக்கும் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷமாகக் கட்டுகிறார்கள். இதுவரை ஒன்றையும் முடித்ததில்லை.

தலைவர் தார்சிஸ், சர்வே ஆபீசில் வரைபடம் வரைகிறவன். எதைப் பார்த்தாலும் எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்பான். குமரவடிவு பால் சொசைட்டியில் பால் சோதிக்கிறவன். இன்னாசி பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவன். மூவரும் கூடுவது தார்சிஸ் வீட்டுப் பக்கவாட்டு அறையில்.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. தார்சிஸின் மனைவி ஜெசிந்தாவுக்கு இது ஒன்பதாவது மாதம். வியாழக்கிழமை காலையில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை மாவட்டக் கண்காட்சி. ஒண்ணாவது முழுசா முடிச்சுக் கொண்டு போங்க. இல்லேன்னா இந்த ரூம்ல தொட்டில் கட்டிருவேன்."

பிளாஸ்டிக் பஸ் ஒன்று ஒட்டித் தயாராக இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை பஸ். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கலர் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் அடிப்பூச்சாகப் பிரைமர் அடிக்க வேண்டும். தார்சிஸ், சென்னையில் மாடல் கட்டும் மச்சான் ரொசாரியோவுக்குப் போன் போட்டான். மச்சான் நாலு வரி அனுப்பினார்.

"பிரைமரைப் பால் பதத்துக்குக் கரை. வடிகட்டு. முதலில் வேறு எதிலாவது அடித்துப் பார். அது சரியாக வரும்வரை பஸ் பக்கமே போகாதே."

பஸ் பக்கம் போகக் கூடாது என்றதும் இன்னாசி பஸ்ஸைத் துண்டில் சுற்றி, மூன்று தெரு தள்ளி இருக்கும் தன் வீட்டில் வைத்துவிட்டு வந்தான்.

அப்புறம் மூவரும் ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள்.

"எதுக்குப் பிரைமர்?" என்றார் கடைக்காரர்.

"பஸ்ஸுக்கு," என்றான் தார்சிஸ்.

"எத்தனை சீட்டு?"

தார்சிஸ் நேர்மையானவன். "ஐம்பத்திரண்டு."

கடைக்காரர் இரும்புக்கு அடிக்கிற செங்கல் நிறப் பிரைமரில் இருபது லிட்டர் டின் ஒன்றைத் தூக்கி வைத்தார். கூட, அதைக் கரைக்க நாலு டின் தின்னர்.

"பெரிய டின்னா இருக்கே வே," என்றான் குமரவடிவு.

"சின்னதா வாங்கி, பாதி பஸ்ல தீந்துட்டா?" என்றான் இன்னாசி. மூவரும் டின்னைத் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல். எந்தப் பால் பதம்?

"எருமைப்பால் கெட்டி. பெயிண்ட் பீய்ச்சுற ஏர்பிரஷ் முனையை அடைச்சுரும்," என்றான் குமரவடிவு. "ஆட்டுப்பாலுக்கு நம்ம சொசைட்டியில ரிஜிஸ்டர் கிடையாது. மாட்டுப்பால்தான்."

தின்னரை ஊற்றிக் கலக்கிவிட்டு, பால் சோதிக்கிற லாக்டோமீட்டரை உள்ளே விட்டான். அது மூழ்காமல் டின்னின் நடுவே நிமிர்ந்து நின்றது. குமரவடிவு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"வே தார்சிஸ், பதினைஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பாலை நான் பாத்ததில்ல. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. எந்த மாடு வே இது?"

அடுத்தது வடிகட்டுவது. ஜெசிந்தாவின் பழைய மெல்லிய பருத்திச் சேலைத் துண்டில் வடிகட்டினார்கள். துணியின் மேல் கட்டி கட்டியாகக் கொஞ்சம் நின்றது. கீழே கிண்ணத்தில் கொஞ்சம் விழுந்தது.

"இதுல எதை எடுக்கணும்?" என்றான் இன்னாசி.

"டீன்னா கீழ விழுறது," என்றான் தார்சிஸ்.

"சோறுன்னா மேல நிக்கிறது," என்றான் குமரவடிவு.

ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்று சோறு ஜெயித்தது. கட்டிகளை ஸ்பூனால் அள்ளி ஏர்பிரஷ் கோப்பையில் அமுக்கி வைத்தார்கள். காற்றடிக்கிற கம்ப்ரசரைப் போட்டதும் ஏர்பிரஷ் ஒரு முறை விக்கியது. அவ்வளவுதான், முனை கெட்டியாக அடைத்துக்கொண்டது.

"சோறு விக்கிக்கிட்டா என்ன செய்வோம்?" என்றான் இன்னாசி. "தலையில தட்டுவோம்."

தட்டினார்கள். தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏர்பிரஷ் குடிக்கவில்லை. கடைசியில் தார்சிஸ் முனையைக் கழற்றித் தின்னரில் கழுவி, ஊசியைத் துடைத்து மாட்டி, கீழே விழுந்ததை ஊற்றினான். பனி மாதிரி மெல்லிசாகப் பீய்ச்சியது. மூவரும் கை தட்டினார்கள்.

முதல் சோதனை சோப்பு டப்பா. அழகாக வந்தது. டின்னில், காய நாலு மணி நேரம் என்று போட்டிருந்தது.

"அது நிஜ பஸ்ஸுக்கு," என்றான் தார்சிஸ். "நம்மளது எழுபத்திரண்டில் ஒண்ணு." பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டான். "மூணு நிமிஷம் இருபது செகண்டு."

இன்னாசி வாட்சைப் பார்த்து, சரியாக மூணு நிமிஷம் இருபதாவது செகண்டில் விசில் ஊதினான். தார்சிஸ் தொட்டுப் பார்த்தான். டப்பாவில் அவன் கைரேகை முழுசாக விழுந்தது.

"சரியா வரல," என்றான் சோகமாக. "அடுத்ததுல அடி."

ஜக்கில் அடித்தார்கள், விசில், கைரேகை. ஸ்டூலில் அடித்தார்கள், விசில், கைரேகை. குமரவடிவின் டிபன் பாக்ஸ், நாள்காட்டி, ஜெசிந்தாவின் இடது செருப்பு. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அந்த அறையில் தார்சிஸின் கைரேகை இல்லாத பொருளே இல்லை. இனி அடிக்க எதுவும் மிச்சமில்லாமல் சுவரில் ஒரு ஓரமாக அடித்தார்கள். இன்னாசி விசிலை வாயில் வைத்தான்.

"பொறு வே," என்றான் தார்சிஸ். "சுவரு சின்னதாக்குன சுவரா? நிஜச் சுவரு. வகுக்கக் கூடாது. நாலு மணி நேரம்."

"அப்போ ஜக்கு?" என்றான் இன்னாசி.

"ஜக்குல சின்னதும் உண்டு, பெருசும் உண்டு."

நாலு மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னாசி விசில் ஊதினான். தார்சிஸ் விரலால் தொட்டான். ரேகை இல்லை. கோடு இல்லை. திட்டு இல்லை.

"சரியா வந்துட்டு!" என்று கத்தினான். அவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"ஒரு ஓரம் வந்தாப் போதுமா?" என்றான் குமரவடிவு. "நாங்க கேனுக்குக் கேன் சோதிப்போம்."

அது நியாயமாகப் பட்டது. ஒரு ஸ்பூன் பிடிக்கிற கோப்பையை வைத்துக்கொண்டு சனிக்கிழமை முழுக்க நாலு சுவரும் அடித்தார்கள். ஞாயிறு காலையில் விட்டம் வரைக்கும் அடித்தார்கள். எல்லாம் சரியாக வந்தது.

"இப்போ பஸ்ஸைக் கொண்டா," என்றான் தார்சிஸ்.

இன்னாசி ஓடிப்போய்த் துண்டோடு கொண்டு வந்தான். டின்னைச் சாய்த்தார்கள். லாக்டோமீட்டர் மட்டும் உருண்டு வந்தது. பிரைமர் ஒரு சொட்டு இல்லை. பஸ் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம். தார்சிஸ் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். மூன்று வருஷம், ஒரு அறை, எல்லாம் போயிற்று.

ஜெசிந்தா வந்து எட்டிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். விட்டத்தைப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் வேலை அத்தனை நறுவிசாக இருந்தது.

"நீங்க முழுசா முடிச்சது இது ஒண்ணுதாங்க," என்றாள்.

தார்சிஸ் மெல்லத் தலையைத் தூக்கினான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தார்சிஸ் கண்காட்சி விண்ணப்பத்தை எடுத்து விரித்து எழுதினான். மாடலின் பெயர்: அறை. அளவு: ஒன்றில் ஒரு பங்கு.

இன்னாசி டேப்பைப் பிடித்து அளந்தான். "ரூம் எட்டடி. கதவு ரெண்டே முக்கால். போகாது வே."

"சாய்ச்சு எடுத்தா?" என்றான் தார்சிஸ்.

"விட்டம் இடிக்கும்."

ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எடுத்துட்டுப் போங்க," என்றாள் நிதானமாக. "ரூமு போனப்புறம் இருக்கிற இடத்துல நான் தொட்டிலைக் கட்டிக்கிடுதேன்."

தார்சிஸுக்கு உயிர் வந்தது. அறையும் தப்பித்தது, குழந்தைக்கும் இடம் கிடைத்தது. "எல்லாரும் உள்ள நின்னா எப்படித் தூக்க? ஒருத்தன் வெளிய நின்னு வாங்கணும்," என்றான்.

குமரவடிவு வெளியே போய், வாசலுக்கு நேராக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"முதல்ல வாசப்படியை அனுப்புங்க வே," என்றான். "அதைத் தாண்டித்தானே ரூமு வெளிய வரணும்."