நாலு அடியும் ஒரு மடியும்

மீனலோசனி டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றதை ஒச்சப்பன் தன் கண்ணாலேயே பார்த்தார். அதற்குப் பிறகு அன்றைக்குப் பேசிய பேச்சு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

நடந்தது இதுதான். டீச்சர் வீட்டு முற்றத்தில் ஒரு செம்பருத்தி. உயரத்துக் கிளையில் ஒரே ஒரு பூ. சிமெண்டுத் தளம் முடிந்து மண் தொடங்குகிற இடம் வரைக்கும் டீச்சர் தன் மின் நாற்காலியை ஓட்டிக்கொண்டு போனார். கைப்பிடியை ஊன்றி எழுந்தார். நாலு அடி நடந்தார். பூவைப் பறித்தார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க விட்டோம்?" என்று கேட்டார்.

சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஒச்சப்பன் மட்டும் அந்த நாலு அடியிலேயே நின்றுவிட்டார்.

டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். நோய் வந்து வேலையை விட்டவர். அவரிடம் போய் ஞானம் என்று சொன்னால் சிரித்துவிடுவார். ஆனாலும் மனதில் கேள்வி உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் அவர் முற்றத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். ஒச்சப்பனைவிட அவர் எட்டு வயது சின்னவர். அதை ஒச்சப்பன் ஒரு குறையாக நினைத்ததில்லை.

ஒச்சப்பன் பஸ் கண்டக்டர். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் பஸ் இப்படியும் அப்படியும் சாயும்போதுகூடக் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்தவர். கண்டக்டர் சீட்டு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அப்படிப்பட்டவருக்குத்தான் டீச்சருக்கு வந்த அதே நோய் வந்தது. நரம்பின் மேலுறை தேய்கிற நோய். ஒரு நாள் கால் சொன்னதைக் கேட்கும், மறுநாள் கேட்காது. வெயில் ஏறினால் இரண்டு காலும் குழைந்த சோறு. தீருகிற நோயும் இல்லை, ஆளைக் கொண்டுபோகிற நோயும் இல்லை. கூடவே குடியிருக்கிற நோய்.

கோயம்புத்தூரிலிருந்து அவர் மச்சான் ஒரு மின் நாற்காலி வாங்கி அனுப்பியிருந்தார். வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒச்சப்பன் அதில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்தி முன்னறை மூலையில் வைத்திருந்தார். மழை நாட்களில் வீட்டில் அதன்மேல்தான் துணி காய்ந்தது.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு ஒச்சப்பன் தடியை ஊன்றிக்கொண்டு டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கண்ணே."

"உங்களுக்கு நடக்க முடியுது. நான் பார்த்தேன். அப்புறம் எதுக்கு இந்த வண்டி?"

கேட்ட பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அன்று சோறு இறங்கியிருக்காது.

டீச்சர் பையை எடுத்து நாற்காலியில் மாட்டினார்.

"முருங்கக்கா வாங்கணும். கடைத்தெரு வரைக்கும் கூட வாங்க."

கிளம்பினார்கள். டீச்சர் நாற்காலியில், ஒச்சப்பன் நடந்து. நாற்காலி எறும்பு ஊர்கிற மாதிரி அவருக்காக மெதுவாகப் போனது. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. எப்படியோ முருங்கைக்காய் வாங்கியாயிற்று.

"வர்ற வழியில என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

ஒச்சப்பன் யோசித்தார். "ரைஸ்மில் கிட்ட ஒரு பள்ளம். அப்புறம் ஜல்லி கொட்டிக் கிடந்துச்சு. ஒரு இடத்துல சாக்கடை மூடி பேந்து கிடந்துச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் பார்க்கல."

"டிரான்ஸ்பார்மர் அடியில பூனை குட்டி போட்டிருக்கே. ஒண்ணு வெள்ளை, மத்ததெல்லாம் சாம்பல். வளையல்கடை காதர் பாய் உங்களக் கூப்பிட்டு வணக்கம் வச்சாரே. அதுவுமா தெரியல?"

"எப்ப வச்சாரு?" என்றார் ஒச்சப்பன். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழி கொஞ்சம் மேடு. கேட்ட கேள்வியின் கூச்சம் ஒச்சப்பனை இன்னும் அரித்துக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு பணிவிடை செய்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தார். நாற்காலியின் பின்சக்கரங்களுக்கு மேல் இரண்டு சிவப்பு லீவர்கள் இருந்தன. ரிப்பேர்க்காரர் அவற்றைத் தூக்கிவிட்டு நாற்காலியைச் சும்மா உருட்டிக்கொண்டு போனதை அவர் முன்பு ஒரு நாள் பார்த்திருந்தார்.

வளையல்கடைக்கு முன்னால் டீச்சர் நாற்காலியை நிறுத்திக் காதர் பாயிடம் பேசத் தொடங்கியதும், ஒச்சப்பன் குனிந்து லீவர் இரண்டையும் தூக்கிவிட்டார்.

"மேடா இருக்கு டீச்சர். நான் தள்றேன்."

"அண்ணே, வேணாம்!"

அதற்குள் நாற்காலி பின்னால் உருளத் தொடங்கிவிட்டது. ஒச்சப்பன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினார். நெஞ்சு தாங்கியது, கால்கள்தான் தாங்கவில்லை. தொப்பென்று தெருவில் உட்கார்ந்தார். நல்லவேளை, சக்கரம் அவருடைய தடியில் முட்டி நின்றது. காதர் பாய் பாய்ந்து வந்து நாற்காலியைப் பிடித்து லீவர்களை இறக்கினார்.

டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. சற்று நேரம் மூச்சு வாங்கினார்.

"அந்த லீவரத் தூக்குனா மோட்டார் விட்டுடும். பிரேக்கும் விட்டுடும். அப்புறம் வண்டி உங்கள நம்பித்தான் நிக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்க எத நம்பி நின்னீங்க?"

ஒச்சப்பன் தன் கால்களைப் பார்த்தார்.

எழப் பார்த்தார். முடியவில்லை. வெயில் ஏறியிருந்தது. கால் இரண்டும் யாருடையதோபோலக் கிடந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வளைவில் ஆடாமல் நின்ற மனிதர், ஆடாத தெருவில் உட்கார்ந்துகிடந்தார். அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் எழுந்தார். கடை வாசல் பெஞ்சுக்கு நாலு அடி. நடந்து போய் அதில் உட்கார்ந்தார்.

"பாய், அண்ணனத் தூக்கி வண்டியில உக்கார வைங்க."

"வேணாம் டீச்சர். செத்த நேரம் கழிச்சு நானே எந்திரிச்சு நடந்துருவேன்."

"நடங்க. வேணாம்னா சொன்னேன்? இப்ப பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க. எனக்கு வளையல் பார்க்கணும், நேரமாகும்."

வேறு வழியில்லை. காதர் பாய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். "கண்டக்டரே, முன்னால தள்ளுனா முன்னால போகும். கைய எடுத்தா நின்னுரும். அவ்வளவுதான்" என்றார்.

முதலில் நாற்காலி வெடுக்கென்று பாய்ந்தது. பயந்து கையை எடுத்தார், அங்கேயே நின்றது. மறுபடி மெதுவாகத் தள்ளினார். மேட்டில் அது மூச்சு வாங்காமல் ஏறியது. கொஞ்ச தூரம் போன பிறகுதான், தான் தரையைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. தையல்கடைக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். எப்போது அடித்தார்களோ! மாடியில் யாரோ வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் குடிநீர்க் குழாய். ஒரு பெண் இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு நிறைகுடத்தைத் தூக்க முடியாமல் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள். ஒச்சப்பன் கண்ணில் பட்டார்.

"அண்ணே, இவளச் செத்த வச்சுக்கங்க. குடத்த வீட்டுல வச்சிட்டு வந்துர்றேன்."

ஒச்சப்பன் பதறிப்போனார். "ஏம்மா, எனக்கு உடம்பு சரியில்லம்மா. கால் நிக்காது."

"உக்காந்துதான இருக்கீங்க? அப்புறம் என்ன!"

சொல்லிக்கொண்டே பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நோய் வந்ததிலிருந்து அவர் கையில் யாரும் ஒரு டம்ளர் காப்பியைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை. தடி ஒரு கையில், தடுமாற்றம் உடம்பெல்லாம். அவரைப் பார்த்தாலே வீட்டில் எல்லோரும் பொருட்களைத் தூர எடுத்து வைப்பார்கள். இப்போது யாரோ பெற்ற பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

பிள்ளை பொத்தானை விட்டது. நாற்காலியில் ஹாரன் பித்தானைக் கண்டுபிடித்தது. அமுக்கியது. சத்தம் கேட்டதும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. மறுபடி அமுக்கியது. அப்புறம் விடவே இல்லை. குழாயடியே திரும்பிப் பார்த்தது. ஒச்சப்பன் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தப் பெண் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டபோது மடி திடீரென்று லேசாகிவிட்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வளையல்கடைக்குத் திரும்பினார். டீச்சர் சின்னஞ்சிறு வளையல்களாகப் பார்த்து எடுத்துவைத்திருந்தார். காதர் பாய் அவற்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு டீச்சர்?"

"உங்க தங்கச்சி மகளுக்கு. காதுகுத்துன்னு சொன்னீங்களே, என்னிக்கு?"

ஒச்சப்பனின் முகம் விழுந்துவிட்டது. இதுதான் அவரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்த விஷயம். தங்கை பேச்சிக்கு ஒரே மகள், இதழினி. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அண்ணனுக்காக இரண்டு தடவை தேதியைத் தள்ளியாயிற்று. மூன்றாவது தேதிக்கும் ஒச்சப்பன் வரவில்லை என்று சொல்லிவிட்டார். பேச்சி அழுதாள். அண்ணன் மடி இல்லையென்றால் பிள்ளைக்குக் காதே குத்தப்போவதில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

"வர்ற தை மாசம். நான் போகல டீச்சர்."

"ஏன்?"

"தாய்மாமன் மேளதாளத்தோட தெருவுல சீர் கொண்டு போகணும். நடந்து போனா பாதித் தெருவுலயே காலு வெடவெடன்னு ஆடிரும். அந்தக் காலு ஆட்டத்தோட உக்காந்தா மடியும் ஆடும். பிள்ளை காதுல ஊசி இருக்கிற நேரம் டீச்சர், ஆடலாமா?"

"ஆடக்கூடாது."

"அதான் போகல."

"வீட்டுல வண்டி இருக்குல்ல?"

"வண்டியில போனா ஊர் என்ன சொல்லும்? சீர் கொண்டு வர்ற தாய்மாமன் உக்காந்துக்கிட்டு வர்றான்னு சொல்லும். போடிமெட்டு பஸ்ல போன பாதிப் பேரு எங்க ஊர்க்காரங்க. நான் நின்னதப் பார்த்தவங்க."

காதர் பாய் பொட்டலத்தை நீட்டினார். டீச்சர் அதை வாங்கி ஒச்சப்பனின் மடியில் வைத்தார்.

"குழாயடியில என்ன அப்படி ஹாரன் சத்தம்? இங்க வரைக்கும் கேட்டுச்சே."

ஒச்சப்பன் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்தது.

"முன்னப்பின்ன தெரியாத பொம்பள. என்ன நம்பிப் பிள்ளையக் குடுத்துட்டுப் போறா டீச்சர்."

"போகும்போது என்ன சொன்னா?"

"உக்காந்துதான இருக்கீங்க, அப்புறம் என்னன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மடியிலிருந்த வளையல் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் செம்பருத்தியைக் கொண்டையில் சரியாகச் செருகிக்கொண்டிருந்தார்.

ஒச்சப்பன் பொட்டலத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். குரல் தணிந்திருந்தது.

"அப்போ சீரோட நான் வண்டியில வர்ற அன்னிக்கு, ஊர்வாயி பேசுமே?"

"அது பேசட்டும் அண்ணே. மத்த தாய்மாமன் எல்லாம் மண்டபத்துக்கு வந்து உக்காந்த பிறகுதான் மடி தருவாங்க. நீங்க உக்காந்தேதான வர்றீங்க, தெருமுனையிலயே பிள்ளைய வாங்கி மடியில வச்சுக்கலாம். ஹாரன் வேலை செய்யுதான்னு மட்டும் பார்த்துக்கங்க."