பிரம்பு நாற்காலியும் பழைய ஸ்பீக்கரும்

தூத்துக்குடியில் செலஸ்டின் வீட்டு முன்னறையில் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது. அதற்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். மூவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. கவனித்துக் கேட்டால் போதும்.

நாற்காலி ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஒரு கால் ஆடும். ஆனால் இடமும் வலமுமாக நிற்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் சரியாக நடுவே கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் பாடுகிறவர் எதிர்ச் சுவரின் முன்னால் வந்து நிற்பது போலத் தோன்றுமாம். செலஸ்டின் சொல்லித்தான் இது தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவரைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டு கேட்டதில்லை. மகள் அமலிக்கு இடது பெட்டியின் ஓரமாகத் தரைதான். எல்லாப் பாட்டிலும் பாதியைத்தான் கேட்டு வளர்ந்தாள். அந்த நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவளுடைய வெறி. அவள் அம்மா ரெஜினாவுக்குத் தரையும் கிடையாது. அடுப்படி வரைக்கும் எது வந்து சேருகிறதோ அதுதான் பாட்டு.

திருவிழாவுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். முடிந்ததும் செலஸ்டின் பெட்டிகளைப் பழைய இடத்தில் வைத்தார். யாரையும் கிட்டே விடாமல், பின்பக்கம் கையை நுழைத்து, தடவித் தடவி வயர்களை மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"பேஸே இல்ல, தும் தும்முன்னு அடிக்கவே மாட்டேங்கு. தகர டப்பா மாதிரி கேக்கு."

"இங்க நல்லாத்தான கேக்கு" என்றாள் அமலி, தரையிலிருந்து.

"உனக்குக் காது அவ்வளவுதான்."

அமலிக்கு எரிச்சல். இடது பெட்டியை மட்டும் பாடவிட்டாள். தும் தும்மென்று தரை அதிர்ந்தது. வலதை மட்டும் பாடவிட்டாள். அதுவும் அதிர்ந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டு அப்பாவின் தோளோரம் தலையை நீட்டிக் கேட்டாள். அந்த இடத்தில் தும் தும் காணாமல் போயிருந்தது.

"வயசாயிட்டு" என்று செலஸ்டின் தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை இதுகள எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிர வேண்டியதுதான்." கடையில் நெட்டையாக, ஒல்லியாக ஒரு ஜோடியை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.

"வயசானதையெல்லாம் எடைக்குப் போடுறதுன்னா மொதல்ல யாரப் போடணும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் ரெஜினா.

செலஸ்டினுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி, அதுக்குள்ள யாரு பேஸத் திருப்பிக் கொண்டு வந்தாலும் இந்த நாற்காலி அவங்களுக்கு. நான் எந்திரிச்சிருதேன். மாதா மேல சத்தியம்."

சனிக்கிழமை அவர் வெளியே போயிருந்த நேரத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. வரிசை முக்கியம்.

முதலில் ரெஜினாவின் தம்பி மரியதாஸ், தடித்த புது வயரோடு வந்தார். பந்தல்களுக்கு மைக் செட் போடுகிறவர், அதனால் அவரை எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை. "பழைய வயரு நூலு மாதிரி இருக்கு, இதுல எப்படி பேஸ் வரும்?" என்று உருவிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். "சிவப்பு எந்தத் துளையில இருந்துச்சோ அதே துளையில சிவப்பு, கறுப்பும் அப்படித்தான். இம்மிகூட மாத்தல. அத்தான் வந்து குறை சொல்லக் கூடாதுல்லா."

அவர் டீ குடிக்கப் போனதும் அமலி இரண்டு முக்காலிகளைக் கொண்டுவந்து பெட்டிகளை அவற்றின்மேல் தூக்கி வைத்தாள். தரையில் கிடப்பதால் சத்தமெல்லாம் தரைக்குள் இறங்கிவிடுகிறது என்பது அவள் கணக்கு. வலது பெட்டியைத் தூக்கும்போது வயர் இரண்டும் பிடுங்கிக்கொண்டு விழுந்தன. அவள் கவனிக்கவில்லை.

தூசி தட்ட வந்த ரெஜினா கவனித்தாள். தையல் தைக்கிறவள். சிவப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடினால் அவளுக்குச் சோறு இறங்காது. பெட்டியின் பின்னால் ஒரு துளையைச் சுற்றிச் சிவப்பு வளையம், இன்னொன்றைச் சுற்றிக் கறுப்பு. அந்தந்த நிறத்தில் அந்தந்த வயரைச் சொருகிவிட்டு, பெட்டியைத் துடைத்துவிட்டு, மீன் கழுவப் போய்விட்டாள்.

இடையில் யாரும் பாட்டுப் போட்டுப் பார்க்கவில்லை.

செலஸ்டின் வந்தார், உட்கார்ந்தார், போட்டார். முதல் அடியிலேயே ஜன்னல் கம்பி சிலிர்த்தது. அவர் வாய் காதுவரை போனது. "யாரு வேலை இது?"

"வயரு" என்றார் மரியதாஸ், நாற்காலியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு. "எந்திரிங்க அத்தான்."

"முக்காலி" என்றாள் அமலி, மறு கையைப் பிடித்துக்கொண்டு. "வயர மாட்டிட்டுக் கேட்டுப் பாத்தீங்களா மாமா?"

"நீ பாத்தியா?"

"தொடச்சது நான். நானும் வரிசையில நிக்கேன்" என்றாள் ரெஜினா, கையெல்லாம் மீன் செதிளோடு. மற்ற மூவரும் சிரித்தார்கள். செலஸ்டினுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கேட்டவர்களே, நீங்கள் சிரிக்குமுன் சொல்லுங்கள். அந்த நாற்காலி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ரெஜினாவுக்கு. தனித்தனியே பெட்டிகள் அதிர்ந்தன, ஆகவே பெட்டிக்கும் வயதாகவில்லை, வயருக்கும் வயதாகவில்லை. சேர்ந்தால்தான் கெட்டது, அதுவும் நடுவில்தான். காரணம், செலஸ்டின் தடவி மாட்டியதில் வலது பெட்டியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தது. நடுவில் ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டன. மரியதாஸ் அந்தத் தப்பை இம்மி பிசகாமல் காப்பாற்றினார். விழுந்த வயரை ரெஜினா நிறம் பார்த்துச் சொருகியதில்தான் அது நேரானது. முக்காலி பேஸைக் கூட்டாது, குறைத்தாலும் குறைக்கும். இதைக் கண்டுபிடித்தது அமலிதான். வலது பெட்டியின் வயரை மாற்றிச் சொருகிப் பார்த்தாள், பேஸ் போனது. பழையபடி சொருகினாள், வந்தது. ஒரு நிமிடம் பெட்டிக்குப் பின்னாலேயே நின்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "அம்மா, கையக் கழுவிட்டு வா" என்றாள்.

ரெஜினா ஒரு பாட்டு கேட்டாள். இன்னொன்று கேட்டாள். இன்னும் எழுந்திருக்கவில்லை. மீனைப் புரட்டிக்கொண்டு செலஸ்டின் அடுப்படியிலிருந்து சொன்னார்:

"இங்கயும் நல்லாத்தான கேக்கு."

"உங்களுக்குக் காது அவ்வளவுதான்" என்றது நாற்காலி.